ரிஜெக்ட் ஆவது வார்ப்பா? வார்த்தவரா?

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருட மலரை எடுத்துப் புரட்டினேன். காதல் கவிதை ஒன்பது, தாய்ப் பாசம் நான்கு, நட்பு மூன்று. இதுக்கு மேல நானும் ஒன்று எழுதி உங்களைச் சோதிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் எழுதப் போவது ஒரு சாக்பீஸைப் பற்றி.

என் அப்பா கோவையில் ஒரு பவுண்டரியில் மோல்டர். இருபத்திரண்டு வருடமாக மணலில் உட்கார்ந்து பெட்டி போடுகிறவர். பம்ப் உறுப்புகள்தான் பெரும்பாலும். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எங்கள் வீட்டில் 'டிப்ளமோ' என்ற சொல்லை முதலில் கொண்டுவந்தவன் நான்தான். அப்பாவுக்குப் பீஸ் ரேட். ஒரு நாளைக்கு எத்தனை நல்ல கேஸ்டிங் தேறுகிறதோ அத்தனைக்குத்தான் கூலி. ரிஜெக்ட் ஆனது கணக்கில் வராது. சனிக்கிழமை சம்பளக் கவர் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்கும்போது அப்பா ஒன்றும் பேசாமல் கொடுத்தால் அந்த வாரம் ரிஜெக்‌ஷன் அதிகம் என்று எங்களுக்குத் தெரியும்.

இது சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியது. அதனால் அதில் கேள்வி கேட்க ஏதும் இருப்பதாகவே தோன்றவில்லை. வேலை கெட்டால் கூலி இல்லை, நியாயம்தானே? இன்பிளாண்ட் ட்ரெயினிங் போகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு ட்ரெயினிங் கிடைத்தது அப்பா வேலை பார்க்கும் இடத்தில் அல்ல, வேறு ஒரு பவுண்டரியில். பெயர் வேண்டாம். முதல் நாள் சூப்பர்வைசர் சார் என் கையில் ஒரு சாக்பீஸையும் ஒரு ரிஜிஸ்டரையும் கொடுத்தார். "தம்பி, பெட்லிங் முடிஞ்சு வர்றதையும் லேத்துல இருந்து திரும்பி வர்றதையும் பாரு. ஓட்டை இருந்தா, ஒட்டாம இருந்தா, கோர் நகர்ந்திருந்தா ஒரு இன்டு போடு. மோல்டர் நம்பரைப் பாத்து ரிஜிஸ்டர்ல எழுது."

ஒவ்வொரு கேஸ்டிங்கிலும் வார்த்த தேதியும் மோல்டரின் நம்பரும் இருக்கும். நான் இன்டு போட்டால் அந்த நம்பர்காரருக்கு அந்தப் பெட்டியின் கூலி போச்சு. முதல் நாளே 5-ம் நம்பருக்கு ஏழு இன்டு போட்டேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சும்மா சாப்பிடு தம்பி, வீட்டுக் கொளம்பு" என்று கிண்ணத்தை நகர்த்தியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? 5-ம் நம்பர் அண்ணன்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஒன்றும் கேட்கவும் இல்லை.

நண்பர்களே, இனி கொஞ்சம் பாடப் புத்தகத்துக்கு வருகிறேன். தூங்கிவிடாதீர்கள்.

உற்பத்தி முறை மூன்று வகை என்று படிக்கிறோம். ஒன்றிரண்டாகச் செய்தால் ஜாப், நூறு இருநூறாகச் செய்தால் பேட்ச், ஆயிரக்கணக்கில் ஓடினால் மாஸ். எந்த முறை லாபம் என்பதற்கு பிரேக் ஈவன் கணக்கு. அதை ஒரு உதாரணத்தோடு போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. கையால் பெட்டி போட்டால் பேட்டர்ன் முதலான ஆரம்பச் செலவு 5,000 ரூபாய், ஒரு பீஸுக்கு 60 ரூபாய். மேட்ச் பிளேட் செய்து மெஷின் மோல்டிங்கில் போட்டால் ஆரம்பச் செலவு 65,000, ஒரு பீஸுக்கு 40. ஆரம்பச் செலவில் வித்தியாசம் 60,000. பீஸுக்கு வித்தியாசம் 20. வகுத்தால் 3,000. ஆர்டர் 3,000-க்குக் கீழே என்றால் கை, மேலே என்றால் மெஷின். பரீட்சையில் இதை எழுதினால் முழு மார்க்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒருத்தரைக் காணோம். ரிஜெக்‌ஷனைக் காணோம்! கையால் போடுவதில் நூற்றுக்கு 12 கெடுகிறது, மெஷினில் 4 கெடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பீஸ் ஒன்றுக்கு ஆகும் செலவு கையில் 60-ஐ 0.88-ஆல் வகுத்தால் 68 ரூபாய் 18 காசு. மெஷினில் 40-ஐ 0.96-ஆல் வகுத்தால் 41 ரூபாய் 67 காசு. இப்போது பிரேக் ஈவன் 3,000 அல்ல, சுமார் 2,260. (கெட்ட கேஸ்டிங் திரும்ப உலைக்குப் போகும் என்பதால் இரும்பு விலையை நான் சேர்க்கவில்லை. உருக்கிய கரண்டு மட்டும் போனது போனதுதான்.)

அதாவது 2,500 பீஸ் ஆர்டர் வந்தால் புத்தகக் கணக்கு கை என்கிறது, ரிஜெக்‌ஷனைச் சேர்த்த கணக்கு மெஷின் என்கிறது. ஆனாலும் பல இடத்தில் ஏன் கையே லாபமாகத் தெரிகிறது? அந்த 12 பீஸின் கூலியை முதலாளி கொடுப்பதில்லை. மோல்டர் கொடுக்கிறார். பெட்டி போட்ட உழைப்பு அவருடையது, அது கெட்டால் நஷ்டமும் அவருடையது. முறையைத் தேர்ந்தெடுத்தவர் ஒருத்தர், அந்த முறையின் குறைக்குப் பணம் கட்டுபவர் இன்னொருத்தர்.

சரி, அந்த 12-ம் மோல்டர் கை பிசகியதால்தானே வருகிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ட்ரெயினிங்கில் நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, வேலை இல்லாத நேரத்தில் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மூன்று மாதக் கணக்கு, 72 வேலை நாட்கள். ஒரே வகை பம்ப் பாடி, நாளுக்குச் சுமார் 100. வார்த்த தேதி வாரியாக ரிஜெக்‌ஷனைக் கூட்டி நோட்டில் புள்ளி வைத்தேன். குவாலிட்டி கண்ட்ரோல் பாடத்தில் வருகிற அதே 'பி' சார்ட். 1924-ல் அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆட்களோடு வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் கொண்டுவந்தது. நூறு வருடம் தாண்டிவிட்ட சமாச்சாரம், பேப்பரும் பென்சிலும் போதும். சராசரி நாளுக்கு 7. அதற்கு மேல் எல்லை கணக்குப் போட்டால் 14 புள்ளி சொச்சம். அதாவது 3, 6, 9, 11 என்று ஏறி இறங்குவது எல்லாம் அந்த முறையோடு கூடப் பிறந்தது. அதற்கு யாரையும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. 15-ம் அதற்கு மேலும் போனால் மட்டும் அன்று புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி ஐந்து நாட்கள் இருந்தன. 15, 16, 17, 19, 21. ஐந்து நாளிலும் எல்லா நம்பர்காரர்களுக்கும்தான் கூடியிருந்தது. ஒருத்தர் மட்டும் கெடுக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நாளில் கை பிசகுமா?

காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் வாட்ச்மேன் தாத்தா. கேட் ரிஜிஸ்டரில் லேட்டாக வந்தவர்களின் காரணத்தை அவர் தவறாமல் எழுதுவார். என் ஐந்து தேதிகளில் நான்கில் வரிசையாக 'மழை', 'மழை', 'மழை'. ஐப்பசி, கார்த்திகை மாசம். ஐந்தாவது தேதிக்கு என்ன காரணம் என்று கடைசி வரை பிடிபடவில்லை.

மணல் குவியல் வெட்டவெளியில் கிடந்தது. அதுதான் விஷயம். மணல் கலக்குகிறவர் தினமும் சுமார் 200 கிலோ மணலுக்கு ஒரு பக்கெட் தண்ணீர், கிட்டத்தட்ட 8 லிட்டர் ஊற்றுவார். நூற்றுக்கு 4, சரியான அளவு. மழை பெய்த மறுநாளும் அதே பக்கெட்தான். ஆனால் அன்றைக்கு மணலுக்குள்ளேயே நாலு லிட்டர் ஒளிந்திருந்தால்? உருகிய இரும்பு 1,300 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டு உள்ளே வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். மணல் வழியாக வெளியேற முடியாத ஆவி இரும்புக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதுதான் ப்ளோ ஹோல். அதில் கொடுமை என்னவென்றால், தோலுக்கு அடியில் இருக்கிற ஓட்டை பார்வைக்குத் தெரியாது. லேத்தில் ஏற்றி ஒரு கட் எடுத்த பிறகுதான் பல்லைக் காட்டும். அதற்குள் ஒரு வாரம் ஆகியிருக்கும். லேத் ஓட்டியவர் உழைப்பும் டூலும் சேர்ந்து போச்சு.

ஆக, காலையில் மணல் மில்லில் நடந்த தவறை ஒரு வாரம் கழித்து சாக்பீஸால் கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்து யாரிடம் வசூலிக்கிறோம்? கொடுத்த மணலில் பெட்டி போட்டவரிடம்!

நம்ம லேபில் செய்கிற டெஸ்டை நினைத்துப் பாருங்கள். 50 கிராம் மணலை எடுத்து 105 டிகிரியில் காயவைத்து மறுபடி நிறுத்தால் 48 கிராம் இருக்கிறதா, ஈரம் 4 சதவீதம். இவ்வளவுதான். இதைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை செய்திருந்தால் அந்த நாலு நாளும் தப்பித்திருக்கும். அந்தப் பவுண்டரியில் ஈரம் பார்க்கும் கருவி இல்லாமல் இல்லை. ஆபீஸ் பீரோவில் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். ஆடிட் வருகிற வாரம் வெளியே வரும் என்றார்கள். வாசலில் ஐஎஸ்ஓ 9001 போர்டு பளபளவென்று இருந்தது. அந்த வரிசைத் தரநிலைகள் 1987-ல் முதலில் வந்தபோது எழுதியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். பீரோவுக்குப் பூட்டு போடச் சொல்லி எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள்!

இதை வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார். "ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாரு கண்ணு. விரல் அச்சு பதியோணும், நடுவால உடைச்சா பொலபொலன்னு உதிராம ஓரம் சுத்தமா உடையோணும். கையில ஈரம் ஒட்டுச்சுன்னா தண்ணி சாஸ்தி. இதுக்கு எதுக்குக் கருவி?" என்றார்.

"அப்ப மழை நாள்ல தெரிஞ்சும் ஏனுங்ப்பா பெட்டி போடறீங்க?"

"போடலீன்னா அன்னிக்குக் கூலியே இல்லீல்ல? போட்டா பாதியாவது தேறும்."

இந்த ஒரு பதிலை விடப் பெரிய தரக் கட்டுப்பாட்டுப் பாடம் எனக்கு வகுப்பில் கிடைக்கவில்லை. மணல் சரியில்லை என்று தெரிந்தவரிடம் நிறுத்துகிற அதிகாரம் இல்லை. அதிகாரம் இருப்பவர் மணலைத் தொடுவதில்லை.

ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் தறி செய்தவர். 1924-ல் முழுமையாக வந்த அவருடைய தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். கெட்ட துணி நெய்து தள்ளிவிட்டுப் பிறகு தேடுவதை விட நின்றுவிடுவது மேல் என்ற அந்த எண்ணம் அவர் குடும்பம் தொடங்கிய கார் கம்பெனிக்கும் வந்தது. டொயோட்டா தொழிற்சாலையில் லைனில் நிற்கிற சாதாரணத் தொழிலாளி கோளாறு கண்டால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். சரியாகவில்லை என்றால் லைனே நிற்கும். கயிறு இழுத்தவருக்குக் கூலி வெட்டு கிடையாது. என் அப்பாவின் தலைக்கு மேலும் பவுண்டரியில் ஒரு கயிறு தொங்குகிறது. அதில் டீ பக்கெட் மாட்டுவார்கள்.

அமெரிக்கப் பேராசிரியர் டெமிங் 1950-ல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பொறியாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பாடம் நடத்தினார். அடுத்த வருடமே அவர் பெயரில் அங்கே ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள். இந்தியாவில் முதலில் அதை வாங்கியது நம் சென்னையின் சுந்தரம் கிளேட்டன், 1998-ல். ஓசூர் டிவிஎஸ் மோட்டார் 2002-ல் வாங்கியது. அந்த டெமிங் தன் வகுப்புகளில் ஒரு மணி விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் வெள்ளை மணியும் சிவப்பு மணியும், ஐந்தில் ஒன்று சிவப்பு. 50 குழி உள்ள பலகையை விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் அது ரிஜெக்ட்.

இதை நாங்கள் ஹாஸ்டலில் செய்து பார்த்தோம். வெள்ளை 400, சிவப்பு 100, பேன்சி ஸ்டோரில் வாங்கியது. பலகைக்குப் பதில் கண்ணைக் கட்டிக்கொண்டு 50 மணி எண்ணி எடுப்பது. நான்தான் மேனேஜர். ஐந்து பேருக்கு வந்த சிவப்பு: 7, 13, 9, 11, 14. ஏழு எடுத்தவனுக்குக் கைதட்டல், 'சிறந்த தொழிலாளி' பட்டம். பதினாலு எடுத்தவனை அறையே அதிரத் திட்டினேன். அடுத்த சுற்றில் பதினாலுகாரன் 8 எடுத்தான், ஏழுகாரன் 12. "பாத்தியா, திட்டினாத்தான் திருந்தறான், பாராட்டினா கெட்டுப்போறான்!" என்றான் ஒருவன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஏனென்றால் பதினாலுகாரனின் அப்பாவும் ஸ்பின்னிங் மில்லில் ஓவர்டைம் பார்ப்பவர்.

பெட்டியில் சிவப்பு மணியைப் போட்டவர் யார் என்று கேட்பதுதான் நிர்வாகத்தின் வேலை. பயத்தை விரட்டு, கடைசியில் நின்று பொறுக்குவதை நம்பாதே என்று டெமிங் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான். பயம் இருக்கிற இடத்தில் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சின்ன ஓட்டையில் கருப்பு லப்பம் வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்தால் சாக்பீஸ் பார்வைக்குத் தப்பிவிடும். கூலி வந்துவிடும். ஆனால் அந்தப் பம்ப் ஏதோ ஒரு காட்டில், ஏதோ ஒரு விவசாயியின் கிணற்றில்தான் ஒழுகப் போகிறது. அதையும் கெட்ட தொழிலாளி கணக்கில் எழுதுவதா? லப்பத்தைக் கண்டுபிடித்தது கூலி வெட்டுதான் என்பேன் நான்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. சின்னப் பவுண்டரி முதலாளிகளும் ராஜ வாழ்க்கை வாழவில்லை. இன்றைக்கு 200, அடுத்த வாரம் வேறு மாடல் 150 என்று ஆர்டர் வருகிறது. சரக்கு கொடுத்துப் பணம் வர மாதக்கணக்காகிறது. மெஷின் வாங்கு என்று நாம் சொல்லிவிட்டுப் போகலாம், தவணை கட்டுவது யார்? பெரிய முறை எல்லாம் நல்ல முறையும் அல்ல. ஹென்றி போர்டு 1913-ல் ஓடும் அசெம்பிளி லைன் போட்டு, மாடல் டி காரின் சேஸிஸ் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக்கினார். உலகமே வியந்தது. ஆனால் 1927-ல் மாடலை மாற்ற வேண்டி வந்தபோது தொழிற்சாலையை மாதக்கணக்கில் மூட வேண்டியதாயிற்று. ஒரே சாமானுக்கு என்று கட்டிய லைன் வேறு சாமானுக்கு வளையவில்லை. நம் கோவை பவுண்டரிகளின் சின்னச் சின்ன ஆர்டருக்குக் கைமோல்டிங் பல நேரம் சரியான தேர்வுதான். என் வாதம் ஒன்றே ஒன்று. கையைத் தேர்ந்தெடுத்தால் அதன் ஏற்ற இறக்கத்தையும் கம்பெனி தன் செலவாக எழுதிக்கொள்ள வேண்டும். மோல்டர் தலையில் எழுதக் கூடாது. அப்படி எழுதினால்தான் மணலுக்கு ஒரு ஷெட் போடுவது லாபம் என்பதே முதலாளிக்குத் தெரிய வரும். இப்போது தெரியாது, ஏனென்றால் மழையின் நஷ்டம் அவர் நோட்டுக்கே போவதில்லை.

இன்னொன்று. எழுதத் தயங்கியது. மேலே போட்ட கணக்கில் 2,260-க்கு மேல் மெஷின் என்று நானே எழுதினேன். அந்தக் கணக்கு சரியென்றால் பெரிய ஆர்டர் பிடித்த பவுண்டரியில் என் அப்பாவுக்கு இடமில்லை. அவர் போட்ட பெட்டியில்தான் என் பீஸ் கட்டியது. இதை அப்பாவிடமும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் பீடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மெசின் வந்தா வரட்டும் சாமி. முதுகாவது மிஞ்சும். ஆனா அதுல மணல் பாக்கறதுக்கு எங்கள வெச்சுக்கச் சொல்லு, உன்ற வயசுப் பசங்கள வெக்காம" என்றார். உன்ற வயசுப் பசங்க என்றால் நாம்தான் நண்பர்களே. எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

ட்ரெயினிங் முடிகிற நாள் என் நோட்டை சூப்பர்வைசர் சாரிடம் காட்டினேன். பொறுமையாகத்தான் பார்த்தார். "நல்லா போட்டிருக்கே. ஆனா இத ஓனர்கிட்ட காட்டினா, மூணு மாசமா நீ என்ன பண்ணினேன்னு என்னத்தான் கேப்பாரு" என்றார். அவரும் பத்து வருடம் முன்பு டிப்ளமோ முடித்தவர். அவருக்கும் மேலே ஒரு சாக்பீஸ் இருக்கிறது போலும். இரண்டு வாரம் கழித்து 5-ம் நம்பர் அண்ணனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மணல் மேல் தார்ப்பாய் போட்டுவிட்டார்களாம். கூலி வெட்டு மட்டும் அப்படியே இருக்கிறதாம்.

நம்மில் பாதிப் பேர் வெளியே போய்ச் சேரப் போவது குவாலிட்டி டிபார்ட்மெண்டில்தான். முதல் நாளே நம் கையிலும் சாக்பீஸ் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, வீட்டு நிலைமை அப்படி. வாங்கிக்கொள்வோம். ஆனால் இன்டு போடுவதற்கு முன் அன்றைய மணலை ஒரு பிடி அள்ளிப் பார்க்கலாம் இல்லையா? ரிஜிஸ்டரில் மோல்டர் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, மணல் ஈரம் எவ்வளவு என்று எழுதலாம் இல்லையா? கட்டம் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும்.

யூனியனுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பவுண்டரி லேபில் ஈரம் பார்க்கும் தராசு இரண்டு செமஸ்டராக ரிப்பேர். ரெக்கார்ட் நோட்டில் நாம் எல்லாரும் 4 சதவீதம் என்று சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும்தான். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல்வர் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அந்தத் தராசைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும். கையெழுத்து போட நான் தயார், எங்கள் வகுப்பில் 41 பேரும் தயார்.